எண்பது வயதிலும் மேடை ஏறிய ராக் அண்ட் ரோல் முன்னோடிகள்: ஏன் நிறுத்தவில்லை?

ரெக்கார்டுப்பெட்டி எழுதியது:

கொஞ்ச நாளாக அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர், கிட்டார்காரர் சக் பெர்ரியின் ஐம்பதுகளின் பதிவுகளிலேயே மூழ்கிக் கிடக்கிறேன். சிகாகோவில் செஸ் கம்பெனிக்காக 1955-இல் பாடிய ‘மேபலீன்’ தொடங்கி 1958-இன் ‘ஜானி பி. குட்’ வரை ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம்தான், அதற்குள் ஒரு கதை, ஒரு கிட்டார் முழக்கம், சிரிக்க வைக்கும் ஒரு வரி எல்லாம் வந்துவிடுகிறது. அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது யூடியூப் அவருடைய கடைசிக்காலக் கச்சேரிகளையும் எடுத்துப் போட்டது. பார்க்கவே மனது கஷ்டமாக இருந்தது. கிட்டார் சுருதி சேரவில்லை, எந்தப் பாட்டில் இருக்கிறோம் என்பதே சில இடங்களில் அவருக்குப் பிடிபடவில்லை, பின்னால் நிற்பவர்கள் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று அவர் முகத்தையே பார்க்கிறார்கள். 2011 புத்தாண்டு தினத்தன்று சிகாகோவில் மேடையிலேயே தளர்ந்துபோய் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோக வேண்டி வந்தது. அப்போது வயது 84. அதற்கப்புறமும் 2014 வரை வாசித்திருக்கிறார்!

அவர் மட்டும் இல்லை, அதே தலைமுறைக்காரர்கள் பலரும் இப்படித்தான். லிட்டில் ரிச்சர்டு 2009-இல் இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே பாடினார். போ டிட்லிக்கு 78 வயதில், அயோவாவில் ஒரு கச்சேரி முடிந்த கையோடு பக்கவாதம். ஜெர்ரி லீ லூயிஸ் எண்பது தாண்டியும் பியானோ முன்னால் உட்கார்ந்தார்.

இவர்களை ஏதோ ஒன்று மேடைக்கு இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காசுதானா? இல்லை வேறு ஏதாவதா? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள். அந்த முதுமைக் காலப் பதிவுகளில் உண்மையிலேயே கேட்கத் தகுந்தவை உண்டா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.


குரோய்டன்வாசி எழுதியது:

காசு என்று ஒரே வார்த்தையில் முடித்தால் அவர்களுக்கு அநியாயம், ஆனால் காசை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது.

அந்தக் காலத்துச் சின்ன ரெக்கார்டு கம்பெனிகள் போட்ட ஒப்பந்தங்களைப் பாருங்கள். லிட்டில் ரிச்சர்டுக்கு, விற்ற ஒரு ரெக்கார்டுக்கு அரை சென்ட். ‘மேபலீன்’ வெளிவந்தபோது எழுதியவர்கள் என்று சக் பெர்ரியோடு இன்னும் இரண்டு பெயர் இருந்தது. ஒருவர் ஆலன் ஃப்ரீட், அந்தப் பாட்டை ரேடியோவில் ஓயாமல் ஓடவிட்ட அறிவிப்பாளர். இன்னொருவர் ரஸ் ஃப்ராட்டோ, செஸ் சகோதரர்களுக்கு வேண்டப்பட்டவர். இருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ரேடியோவில் ஓட வேண்டுமென்றால் இது விலை. தன் பாட்டு முழுக்கத் தன் பெயரில் திரும்பி வர பெர்ரிக்கு முப்பது வருடம் ஆனது.

பாட்டு எழுதத் தெரிந்தவருக்கே இந்தக் கதி என்றால் வெறுமனே பாடியவர், வாசித்தவர் நிலையை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோவில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்குத்தான் காசு, பாடியவருக்கும் கிட்டார் வாசித்தவருக்கும் ஒரு பைசா இல்லை, இன்றைக்கும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. 1972 பிப்ரவரிக்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு இணைய வானொலி மாதிரியான டிஜிட்டல் ஒலிபரப்பில்கூட மத்தியச் சட்டப்படி பங்கு கிடைக்க வழி செய்தது 2018-இல் வந்த சட்டம்தான். போ டிட்லி 2008-இல் போய்விட்டார், சக் பெர்ரியும் நியூ ஆர்லியன்ஸ் பியானோக்காரர் ஃபேட்ஸ் டாமினோவும் 2017-இல். யாருக்காக இந்தச் சட்டம் என்று கோபம் வருகிறது எனக்கு.

போ டிட்லி தனக்கு வரவேண்டிய பங்கு வரவே இல்லை என்று சாகும்வரை வெளிப்படையாகப் பேசியவர். உலகத்தில் பாதி ராக் குழுக்கள் அவருடைய தாளத்தை எடுத்து வாசித்தன, தாளத்துக்கு யாரும் காப்புரிமைக் காசு தரமாட்டார்கள். எழுபதுகளில் நியூ மெக்சிகோவில் ஷெரீஃப் துணை அதிகாரியாகக்கூட இருந்திருக்கிறார். அவர் 78 வயதில் அயோவாவுக்குப் பயணம் போனதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

சக் பெர்ரி மேடை ஏறுமுன் சம்பளத்தை ரொக்கமாக எண்ணி வாங்கிக்கொள்வார் என்பது ஊரறிந்த விஷயம். முன்பு ஏமாற்றப்பட்டவரின் ஜாக்கிரதை அது. ஆனால் அந்த ரொக்கமே அவரை வரி வழக்கில் மாட்டிவிட்டது: 1979 ஜூனில் வெள்ளை மாளிகையில் அதிபர் கார்ட்டர் முன்னால் வாசித்தார், அதே வருடம் வரி ஏய்ப்புக்காகச் சில மாதம் சிறைக்கும் போனார்.


ஆறுகம்பி எழுதியது:

நான் கிட்டார் வாசிக்கிறவன், அதனால் என் பதில் இசைப் பக்கத்திலிருந்து.

ரெக்கார்டுப்பெட்டி, நீங்கள் கேட்ட குறைகளில் பாதி வயதால் வந்தவை இல்லை. சக் பெர்ரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும்போதே இதே புகார் உண்டு. அவர் தனக்கென்று ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர் இல்லை. ஒரு கிட்டார் பெட்டியோடு தனியாக வந்து இறங்குவார், வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அரங்குக்கு வருவார். பக்கவாத்தியக்காரர்களை உள்ளூரிலேயே அமர்த்தி வைப்பதும், கிட்டாருக்கு இன்ன மாடல் ஃபெண்டர் ஆம்ப் (ஒலிபெருக்கி) இரண்டு வைப்பதும் கச்சேரி ஏற்பாட்டாளர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஒத்திகை கிடையாது, பாட்டு வரிசை கிடையாது, எந்தச் சுருதியில் என்று கூடச் சொல்ல மாட்டார். காலை உதறினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் சைகை. 1973-இல் மேரிலேண்டில் அப்படிப் பின்னால் நின்று வாசித்த பையன்களில் ஒருவர், பின்னாளில் பெரிய ராக் பாடகரான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். அவருக்கும் அன்றைக்கு அதே நடுக்கம்தான்.

மூன்றே கார்டுதானே (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று நினைப்போம். அங்கேதான் இரண்டு சிக்கல்.

முதலாவது சுருதி. ‘ஜானி பி. குட்’ பி ஃபிளாட் என்ற சுருதியில் இருக்கிறது. கிட்டார்காரனுக்குக் கை போகிற இடம் ஈ, ஏ மாதிரியானவை. பி ஃபிளாட்டும் ஈ ஃபிளாட்டும் பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் வசதியானவை. ஏனென்றால் பெர்ரி 1952-இன் கடைசி நாள் இரவு, வராமல் போன ஒருவருக்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்தது ஜானி ஜான்சன் என்ற பியானோக்காரரின் குழுவில். அந்தப் பியானோவின் சுருதிகள் கடைசிவரை அவர் கையில் இருந்தன. இது தெரியாத உள்ளூர் கிட்டார் பையன் முதல் பாட்டிலேயே தடுமாறுவான்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான். அந்தப் பழைய பதிவுகளில் டிரம்ஸ் வாசித்த ஃபிரெட் பிலோ ஜாஸ் நடையில் தாளத்தை ஊஞ்சல்போல ஆட்டி வாசிக்கிறார், மேலே பெர்ரியின் கிட்டார் நேர்கோடாகப் போகிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் உரசுவதில்தான் அந்தப் பாட்டுகளின் துள்ளல் பிறக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் லிட்டில் ரிச்சர்டுக்கு வாசித்த எர்ல் பால்மரிடமும் இதைக் கேட்கலாம், அவர் ஜாஸ் ஆட்டத்திலிருந்து நேர்த் தாளத்துக்கு நகர்வது அந்தப் பதிவுகளிலேயே பதிவாகியிருக்கிறது. எழுபதுகளுக்குப் பிறகு வந்த டிரம்மர்களுக்கு நேர்த் தாளம் மட்டும்தான் பழக்கம். எல்லோரும் நேராக வாசித்தால் அந்த உரசல் போய்விடும், பாட்டு செத்துவிடும். சக் பெர்ரிக்கு வயதாகிவிட்டது என்று நம் காது சொல்லும், உண்மையில் ஃபிரெட் பிலோ அங்கே இல்லை என்பதுதான் விஷயம்.

இதற்குச் சாட்சி 1986. அவருடைய அறுபதாவது பிறந்த நாளையொட்டி ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் முறையாக ஒரு குழுவைச் சேர்த்து, ஜானி ஜான்சனையும் தேடிக் கூட்டிவந்து, செயின்ட் லூயிஸ் ஃபாக்ஸ் தியேட்டரில் கச்சேரி நடத்தினார், படமாகவும் வந்தது. ஒத்திகையில் இருவரும் முறைத்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் பியானோ சேர்ந்ததும் பெர்ரி வாசிப்பதைப் பாருங்கள், தோளே வேறு மாதிரி அசைகிறது.


மெல்லிசை மாடி எழுதியது:

ஆறுகம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரிய அரங்குகளில் எடுத்தவையாக இருக்கும். அவர் உண்மையில் தன் முதுமையைக் கழித்த மேடை வேறு. செயின்ட் லூயிஸில் டெல்மார் தெருவில் புளூபெர்ரி ஹில் என்று ஒரு உணவகம், அதன் அடித்தளத்தில் டக் ரூம் என்று ஓர் அறை, முந்நூற்றுச் சொச்சம் பேர் நின்றால் நிறைந்துவிடும். 1996-இல் ஆரம்பித்து 2014 அக்டோபர் வரை மாதம் ஒரு தடவை அங்கே வாசித்தார், மொத்தம் 209 கச்சேரி. பிறந்த ஊர், வீட்டிலிருந்து காரில் வந்துபோகிற தூரம். மேடையில் மகன் கிட்டார், மகள் இங்கிரிட் ஹார்மோனிகா, பேஸ் வாசித்த ஜிம் மார்சாலா பல பத்தாண்டுகளாகக் கூட இருந்தவர். உள்ளூரில் கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றியவர் கடைசியில் நிலையான குழுவோடு வாசித்தது இங்கேதான்.

தவறு நடந்திருக்கும், வரிகள் மறந்திருக்கும். அதனால் என்ன? ஒரு வரி மறந்தால் மகள் எடுத்துக் கொடுக்கிறாள், கூட்டம் சேர்ந்து பாடுகிறது, அவர் சிரிக்கிறார். எழுபதில் ஆரம்பித்து 88-ஐத் தொடும் வரை அந்த அறையில் நின்றிருக்கிறார். இதைக் காசுக்காக என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதைவிடப் பத்து மடங்கு பணம் ஐரோப்பாவில் ஒரே இரவில் அவருக்குக் கிடைத்திருக்கும்.

வயதான கலைஞர் மேடை ஏறலாமா கூடாதா என்பதைவிட, எந்த மேடை, யார் கூட என்று கேட்பதுதான் சரி.


வாசகன்_திருச்சி எழுதியது:

எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

டிக்கெட் வாங்குகிறவனுக்கும் ஒரு நியாயம் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்தபோது அப்படி ஒரு மூத்த பாடகர் கச்சேரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். குழு முதலில் நீண்ட நேரம் வாசித்தது, அப்புறம் அவரை அழைத்துவந்து உட்கார வைத்தார்கள், அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முடிந்தது. உயர்ந்த சுரம் வருகிற இடத்திலெல்லாம் பின்னணிப் பாடகர்கள் பாடினார்கள். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, ஆனால் அந்த விலைக்கு விற்றவர்கள்மேல் இன்றைக்கும் கோபம் இருக்கிறது. சின்ன அறை, நியாயமான விலை, இவ்வளவு நேரம்தான் பாடுவார் என்று முன்கூட்டியே அறிவிப்பு, இவை இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று. ‘முன்னோடி’ என்று தூக்கி வைக்கும்போது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம். ஜெர்ரி லீ லூயிஸ் 22 வயதில் 13 வயதுப் பெண்ணை, அதுவும் சொந்தக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவர். 1958-இல் இங்கிலாந்துப் பத்திரிகைகள் அதை எழுதியதும் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருந்தது. சக் பெர்ரியும் 14 வயதுப் பெண் சம்பந்தப்பட்ட வழக்கில் அறுபதுகளின் தொடக்கத்தில் சிறையில் இருந்தவர். இசையைக் கேளுங்கள், நானும் கேட்கிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை இல்லை.


குரோய்டன்வாசி எழுதியது:

திருச்சிக்காரர் சொன்ன இரண்டாவது விஷயம் முழுக்கச் சரி, அதை மூடி மறைக்க யாரும் முயலக்கூடாது.

ஜெர்ரி லீயின் மேடை வாழ்க்கை இப்படி நீண்டதற்கே அந்த 1958-தான் காரணம். ஒரு இரவுக்கு பத்தாயிரம் டாலர் வாங்கியவர் 250 டாலருக்கு இறங்கினார் என்பார்கள். ரேடியோ அவரைக் கைவிட்டது, பெரிய அரங்குகள் கைவிட்டன, ஆனால் அவர் வீட்டில் உட்காரவில்லை, வழியோர மதுக்கூடங்களில் வருடக்கணக்காக வாசித்துக்கொண்டே இருந்தார். அந்த வெறி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் 1964 ஏப்ரலில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் பதிவானதைக் கேளுங்கள், பின்னால் வாசிப்பது நாஷ்வில் டீன்ஸ் என்ற ஆங்கிலேயக் குழு, அவர்கள் மூச்சு வாங்க ஓடிவருவது காதிலேயே தெரிகிறது. அப்புறம் 1968-இல் கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசைக்குப் போய் மறுபடி மேலே வந்தார். கென்னி லவ்லேஸ் என்ற கிட்டார்காரர் அறுபதுகளின் கடைசியில் அவரோடு சேர்ந்தவர், கடைசிவரை கூட இருந்தார். அரை நூற்றாண்டு ஒரே ஆளோடு வாசித்தால் அடுத்து என்ன என்று முகம் பார்க்க வேண்டியதில்லை. பெர்ரிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 2019 பிப்ரவரியில் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகும் 2022-இல் மரணத்துக்குச் சில மாதம் முன்னால் உறவினர் ஜிம்மி ஸ்வாகர்ட்டோடு சேர்ந்து ஒரு பக்திப் பாடல் தொகுப்பு வந்தது. இறந்தபோது 87 வயது.


பழைய_அலைவரிசை எழுதியது:

நாம் எல்லோரும் ‘எண்பது வயது’ என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இவர்களுக்குப் பழைய ஆள் என்ற முத்திரை எப்போது குத்தப்பட்டது தெரியுமா? 1969 அக்டோபர் 18 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரிச்சர்ட் நேடர் என்பவர் ‘ராக் அண்ட் ரோல் மறுமலர்ச்சி’ என்று ஒரு கச்சேரி நடத்தினார். பில் ஹேலி, சக் பெர்ரி, பிளாட்டர்ஸ், கோஸ்டர்ஸ், ஷிரெல்ஸ் குழுக்கள் பாடின. அன்றைக்குப் பெர்ரிக்குப் பிறந்த நாள், வயது 43. ஹேலிக்கு 44. அந்த வயதில் இவர்கள் நினைவுப்பொருள் ஆகிவிட்டார்கள்! மூன்று வருடம் கழித்து 1972 ஆகஸ்டில் லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்திலும் அதே மாதிரி, ஹேலி, பெர்ரி, ஜெர்ரி லீ, லிட்டில் ரிச்சர்டு, போ டிட்லி எல்லோரும் ஒரே நாளில். அதற்குப் பிறகு வந்த நாற்பது வருடமும் இவர்கள் வாசித்தது அந்த முத்திரையோடுதான்.

அதனால் ரசிகர்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஐம்பதுகளில் பெயர் வாங்கிய பாடகர் ரிக் நெல்சன் 1971-இல் அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நீண்ட முடியோடு வந்து புதிய நடையில் பாடினார், கூட்டம் கூச்சல் போட்டது. வயது 31. அந்த அனுபவத்தையே அவர் ஒரு பாட்டாக்கி, அது அடுத்த வருடம் பெரிய வெற்றி பெற்றது. ஆனால் பாடம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது: பழசைப் பாடினால் சோறு, புதுசைப் பாடினால் கூச்சல். அவர் 1985-இன் கடைசி நாளில் விமான விபத்தில் இறந்ததும் ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில்தான். 45 வயது. இவ்வளவு ஆபத்தான பயண வாழ்க்கையில் எண்பது வரை தப்பி வந்ததே பெரிது.

இன்னொரு சங்கதி, பில் ஹேலியின் குழுவான காமெட்ஸ். ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’ 1954 ஏப்ரலில் பதிவானது, 1955 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம். அதே வருடம் மார்ஷல் லைட்டில், ஜோயி ஆம்ப்ரோஸ், டிக் ரிச்சர்ட்ஸ் மூன்று பேரும் சம்பளம் கூட்டிக் கேட்டார்கள், கிடைக்கவில்லை, விலகிப் போய்விட்டார்கள். உலகமே அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த வருடத்தில்! ஹேலி 1981-இல் இறந்தார். 1987-இல் இந்தப் பழைய ஆட்கள் ஒன்றுசேர்ந்து, கிட்டார்காரர் ஃபிரானி பீச்சரும் பியானோ ஜானி கிராண்டேயும் உடன் வர, ஐரோப்பா முழுக்கச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஹேலியோடு வாசித்ததைவிட அதிக வருடம் அவர் இல்லாமல் வாசித்தார்கள். எழுபது தாண்டிய லைட்டில் அந்தப் பெரிய டபுள் பேஸைத் தூக்கித் தலைக்குமேல் பிடிப்பார், ஃபிரானி பீச்சர் எண்பதைத் தாண்டியும் அதே பழைய கிட்டார் வரிகளை வாசிப்பார். அவர்கள் முகத்தில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தால் ஐம்பதுகளில் தவறவிட்டதை எல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒரே பெயரில் பல குழுக்கள் அலையும். டிரிஃப்டர்ஸ், பிளாட்டர்ஸ், கோஸ்டர்ஸ் என்ற பெயர்களில் அசல் ஆள் ஒருவர்கூட இல்லாத குழுக்கள் ஊர் ஊராகக் காசு பார்த்தன. இதைத் தடுக்க ஷா நா நா குழுவின் ஜான் பௌமன் முன்னின்று போராடி, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது. டிக்கெட் வாங்குமுன் மேடையில் நிற்கப்போவது யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.


மெல்லிசை மாடி எழுதியது:

இடையில் ஒன்று, நம் ஊர்ச் சம்பந்தம் இருப்பதால். பீட்டில்ஸின் டிரம்மராக ரிங்கோவுக்கு முன்னால் இருந்த பீட் பெஸ்ட் பிறந்தது மெட்ராஸில், 1941-இல். 1962-இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார், அப்புறம் லிவர்பூலில் இருபது வருடம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அரசு ஊழியர். 1988-இல் மறுபடி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தவர், தம்பி ரோகும் பக்கத்திலேயே இன்னொரு டிரம்ஸ் வாசிக்க, பீட்டில்ஸின் ஆரம்ப ஹாம்பர்க் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டுகளை நாடு நாடாக வாசித்துவிட்டு 2025-இல் 83 வயதில்தான் ஓய்வு பெற்றார். பீட்டில்ஸோடு இருந்தது இரண்டு வருடம், இது முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியம் அப்போது அவருக்கு இல்லை, பீட்டில்ஸின் 1995-இன் பழைய பதிவுத் தொகுப்பில் அவர் வாசித்தவை சேர்ந்து காசும் வந்துவிட்டது. அப்படியும் வாசித்தார்.


ரெக்கார்டுப்பெட்டி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தாளம் பற்றி ஆறுகம்பி எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி கேட்டேன், ஆமாம், டிரம்ஸும் கிட்டாரும் வேறு வேறு நடையில் போவது இப்போது பளிச்சென்று கேட்கிறது.

இரண்டு கேள்வி மிச்சம். பெண்கள் யாரும் இந்தப் பட்டியலில் இல்லையா? அப்புறம், தானாகவே நிறுத்திக்கொண்டவர்கள் உண்டா?


ஆறுகம்பி எழுதியது:

முதல் கேள்விக்கு வாண்டா ஜாக்சன். ஓக்லஹோமாக்காரர், 1937-இல் பிறந்தவர், 1955-இல் எல்விஸோடு ஊர் ஊராகப் பாடப் போனபோது அவர் சொல்லித்தான் கன்ட்ரியிலிருந்து ராக் அண்ட் ரோல் பக்கம் வந்தார். அந்தத் தொண்டை உறுமல்தான் அவருடைய அடையாளம். எழுபதுகளில் பக்திப் பாடல் மட்டும் பாடிக்கொண்டிருந்தவரை எண்பதுகளில் ஸ்வீடன்காரர்கள் கூப்பிட்டுத்தான் மறுபடி ராக்கபிலி (கன்ட்ரி கலந்த ராக் அண்ட் ரோல்) பாட வைத்தார்கள். அமெரிக்காவுக்கு அவர் நினைவு வந்தது தொண்ணூறுகளில். 2011-இல் ராக் கலைஞர் ஜாக் வைட் அவரை வைத்து ஒரு ஆல்பம் செய்தார், அப்போது 73 வயது. 2019-இல் உடல்நலம் கருதி மேடையை விட்டார், ஆனால் 2021-இல் ராக் பாடகி ஜோன் ஜெட்டோடு சேர்ந்து இன்னொரு ஆல்பம். வயதானதும் அவர் குரல் உடைந்து கரகரப்பானது, அந்தக் கரகரப்பு பாட்டுக்குப் பொருந்துகிறது. மென்மையாகப் பாடியே பெயர் வாங்கியவர்களுக்கு அந்த வசதி இல்லை.

பிரெண்டா லீயையும் சேர்க்க வேண்டும். 1958-இல், 13 வயதில் பாடிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு 65 வருடம் கழித்து 2023 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.


பழைய_அலைவரிசை எழுதியது:

தானாக நிறுத்தியவர் என்றால் ஃபேட்ஸ் டாமினோ. எண்பதுகளிலேயே இனி நியூ ஆர்லியன்ஸை விட்டு நகர மாட்டேன் என்று முடிவெடுத்தார், மற்ற ஊர்ச் சாப்பாடு பிடிக்கவில்லை என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். பாட்டு எழுதியதில் பங்கு வந்துகொண்டிருந்தது, அதனால் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. குரோய்டன்வாசி சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2005-இல் கத்ரீனா புயலில் வீடு மூழ்கி, அவர் இறந்துவிட்டார் என்றே செய்தி பரவியது, மீட்டுக் கொண்டுவந்தார்கள். 2007 மே மாதம் டிபிட்டினாஸ் அரங்கில் ஏறி அரை மணி நேரம் போல வாசித்தார். 79 வயது, விரலில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ரொம்ப நேரம் நீட்டவில்லை. ஊரே வெள்ளத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த நேரம், அதற்காக வந்தார், வாசித்தார், வீட்டுக்குப் போனார்.


குரோய்டன்வாசி எழுதியது:

கேட்கத் தகுந்தவை எவை என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. என் காதுக்கு:

ஜெர்ரி லீயின் 2006 ஆல்பம் ‘லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்’. பெரிய பெரிய விருந்தினர்கள் கூடப் பாடுகிறார்கள், ஒருவரையும் அவர் முன்னால் விடவில்லை. சக் பெர்ரியின் கடைசி ஆல்பம் ‘சக்’, 2017 ஜூனில், அவர் இறந்து மூன்று மாதம் கழித்து வந்தது. 1979-க்குப் பிறகு அவர் செய்த முதல் ஸ்டூடியோ ஆல்பம், 1991-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவு செய்தது, 68 வருடம் கூட வாழ்ந்த மனைவி தெமெட்டாவுக்குச் சமர்ப்பணம். பிள்ளைகளும் புளூபெர்ரி ஹில் ஆட்களும் வாசித்திருக்கிறார்கள். எல்லாப் பாட்டும் உயர்தரம் என்று சொல்ல மாட்டேன், இரண்டு மூன்று பாட்டு பழைய மெட்டின் மேலேயே எழுதியவை. ஆனால் கிட்டார் சுருதி சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது பாடகர் டையன். 1959 பிப்ரவரியில் பாடகர் பட்டி ஹோலி போய் விபத்தில் இறந்த விமானத்தில் ஏறாமல் பஸ்ஸில் போனதால் பிழைத்தவர். 2020-இல், எண்பது வயதில், ‘புளூஸ் வித் ஃபிரெண்ட்ஸ்’ என்று பெரும்பாலும் புதிய பாட்டுகளோடு வந்தார். குரல் இளமையில் இருந்ததைவிட ஆழமாக இருக்கிறது, எந்த இடத்திலும் முக்கிப் பாடவில்லை, தன் குரல் எங்கே நிற்கும் என்று தெரிந்து அதற்குள் பாடுகிறார். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.